சிவப்புப் பொட்டுகளை எடுப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி கேட்டவருக்கு வயது 52. பத்து வருடமாக மார்பு, வயிறு, முதுகு என்று ரத்தச் சிவப்பில் சின்னச் சின்னப் பொட்டுகள் ஒவ்வொன்றாக வந்து, இப்போது நாற்பதைத் தொட்டிருக்கின்றன. வலி இல்லை, அரிப்பு இல்லை. ஈரல் கெட்டதற்கு அடையாளம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ரத்தம் கெட்டுவிட்டது, பேதிக்குச் சாப்பிடு என்கிறார் ஒரு சொந்தக்காரர். திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஒரு கிளினிக்கில் மொத்தத்தையும் லேசரில் எடுக்க பேக்கேஜ் சொல்லியிருக்கிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஈகோஸ்ப்ரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறார். பொட்டுகளை எடுக்கலாமா, விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

ஐயா, தோல் சிகிச்சை பார்க்கும் டாக்டர் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் இவை செர்ரி ஆஞ்சியோமா என்ற வகைப் பொட்டுகளாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் ரத்த மச்சம், செம்மச்சம், சிவப்பு மரு என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. அடுத்தவருக்கு ஒட்டாது. புற்றுநோயாக மாறாது. எடுக்காமல் விட்டால் உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது. அதனால் நாற்பதையும் ஒரேயடியாக எடுக்கும் பேக்கேஜுக்கு இப்போது சம்மதிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கண்ணை உறுத்துகிற ஒன்றிரண்டை எடுக்க விரும்பினால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்த்து, இவை செர்ரி ஆஞ்சியோமாதான் என்று உறுதி செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஏதோ ஒரு புள்ளியில் அந்தக் குழாய்கள் பெருகி, விரிந்து, கொத்தாகத் திரண்டுவிடுகின்றன. உள்ளே இருக்கும் ரத்தத்தின் நிறம்தான் வெளியே தெரிகிறது. ஆரம்பத்தில் குண்டூசித் தலை அளவில் தட்டையாக இருக்கும். வருடங்கள் போகப் போக லேசாக மேடு தட்டி, வழவழப்பாக, 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை வளரும். அதிகமும் நெஞ்சு, வயிறு, முதுகு, தோள், தொடை ஆகிய இடங்களில் வரும். உள்ளங்கை, பாதங்களில் பொதுவாக வருவதில்லை. முப்பது வயதுக்கு மேல் தலைகாட்ட ஆரம்பித்து, வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும். எழுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் எங்காவது ஒன்றாவது இருக்கும். வெளுத்த தோலில் செக்கச்செவேலென்று தெரிவது, நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோலில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, சில சமயம் கிட்டத்தட்ட கறுப்பாகவோ தெரியும். அதனால் நம்மில் பலர் இதைச் சாதாரண மச்சம் என்று நினைத்தே காலம் தள்ளிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. வயது முக்கியமான காரணம். குடும்பத்தில் அப்பா, அம்மாவுக்கு நிறைய இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்குப் புதிதாகத் தோன்றி, பிரசவத்துக்குப் பிறகு சுருங்குவதைப் பார்க்கிறோம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மாதிரியான மருந்துகளாலும், சில ரசாயனங்களோடு தொடர்ந்து புழங்குவதாலும் கூட்டமாக வந்ததற்குப் பதிவுகள் உண்டு. அண்மைக் காலத்தில் இந்தப் பொட்டுகளின் செல்களைச் சோதித்தபோது, அவற்றில் பலவற்றில் ஜிஎன்ஏக்யூ, ஜிஎன்ஏ11 என்ற மரபணுக்களில் சிறு மாற்றம் இருப்பது தெரியவந்தது. அந்த மாற்றம் அந்தப் பொட்டுக்குள் மட்டும் நடந்தது. உடம்பு முழுவதும் இருப்பதோ, கருவிலிருந்தே வந்ததோ கிடையாது.

இந்தப் பட்டியலில் "ரத்தம் கெட்டுப்போவது" எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பொட்டுக்குள் ஓடுவது உங்கள் உடம்பு முழுக்க ஓடுகிற அதே ரத்தம்தான். பேதிக்குச் சாப்பிட்டாலோ, கசாயம் குடித்தாலோ, கத்திரிக்காய், கருவாட்டை நிறுத்தினாலோ இது மறையாது. ஸ்டென்ட் வைத்து இரண்டு மருந்து எடுக்கிற உங்களுக்கு, பேதி மாத்திரையால் உடம்பில் நீரும் உப்பும் குறைவது நல்லதல்ல. அந்த யோசனையைக் கண்டிப்பாகக் கைவிடுங்கள்.

ஈரல் பற்றிய பயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு, ஆனால் அது வேறொரு பொட்டைப் பற்றியது. ஈரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்குச் சிலந்தி நாளம் என்று ஒன்று வரும். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய கால்கள் பரவியிருக்கும். முகம், கழுத்து, மேல் மார்பு, கை ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வரும். நடுப்புள்ளியைப் பேனா முனை மாதிரி எதையாவது வைத்து மெதுவாக அழுத்தினால் கால்கள் மொத்தமும் மறைந்துவிடும். விட்டவுடன் நடுவிலிருந்து வெளியே ரத்தம் பாய்ந்து மறுபடி நிறையும். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அப்படிப்பட்டவை ஐந்தாறுக்கு மேல் இருந்து, குடிப்பழக்கமோ மஞ்சள் காமாலையோ கால் வீக்கமோ இருந்தால் ஈரல் பரிசோதனை அவசியம். ஒன்றிரண்டு மட்டும் என்றால் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட இருக்கும். உங்களுடையவற்றுக்குக் கால்கள் இல்லை, உருண்டையாக, ஓரம் தெளிவாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது செர்ரி ஆஞ்சியோமாவின் லட்சணம். ஈரலோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது "ஈரலில் ஹீமாஞ்சியோமா", அதாவது ரத்தக் குழாய்க் கட்டி, என்று ரிப்போர்ட்டில் வரும். உடனே, தோலில் இருப்பதுதான் உள்ளேயும் பரவிவிட்டது என்று பதறி வருகிறார்கள். ஈரலில் வருவது தனி, தோலில் வருவது தனி. ஒன்று மற்றொன்றாகப் பரவுவதில்லை. அதேபோல, பச்சைக் குழந்தைகளுக்குச் சிவப்பாகப் புடைத்து வளரும் ஹீமாஞ்சியோமாவும் வேறு. பிரான்சில் போர்தோ நகர மருத்துவர்கள் இதயத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மருந்து அந்தக் குழந்தைக் கட்டிகளைச் சுருக்குகிறது என்று 2008-இல் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் முதல் சிகிச்சை. அதைப் படித்துவிட்டு, பெரியவர்கள் இந்தப் பொட்டுகளுக்கு அந்த மாத்திரையைக் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் செர்ரி ஆஞ்சியோமாவைக் கரைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. பூசினால் உதிரும் களிம்பும் கிடையாது.

புற்றுநோய்ப் பயத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் கேம்ப்பெல் டி மார்கன் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். புற்றுநோயாளிகளின் உடம்பில் இந்தச் சிவப்புப் பொட்டுகளைக் கவனித்து, 1870-களில் எழுதினார். இது புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். பிற்பாடு வந்தவர்கள் புற்றுநோய் இல்லாத அதே வயதுக்காரர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் இதே மாதிரி இருந்தது. வயதானவர்களுக்குப் புற்றுநோயும் அதிகம், இந்தப் பொட்டும் அதிகம்; இரண்டையும் சேர்த்து வைத்தது வயது மட்டும்தான். எண்ணம் பொய்த்துப்போனாலும் பெயர் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் இன்றும் இவற்றைக் கேம்ப்பெல் டி மார்கன் பொட்டு என்றே சொல்கிறார்கள்.

சரி, அப்படியானால் ஏன் டாக்டரிடம் காட்ட வேண்டும்? சிவப்பாக இருப்பதெல்லாம் இதுவாக இருந்துவிடாது என்பதால்தான்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு காலிலும் வயிற்றிலும் திடீரென்று பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பினால், அது தோலுக்கு அடியில் ரத்தம் கசிவது. டெங்குவில் பிளேட்லெட் குறையும்போது இப்படி வரும். தட்டையாக இருக்கும், தடவினால் தட்டுப்படாது, ஒரே நாளில் கிளம்பியிருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பார், மறையாவிட்டால் ஆபத்து என்று ஒரு சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது. ரத்தக் கசிவு மறையாது என்பது உண்மைதான், ஆனால் செர்ரி ஆஞ்சியோமாவும் பல சமயம் முழுக்க மறையாது. ஆகவே அந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பி நிம்மதியும் வேண்டாம், பீதியும் வேண்டாம். வருடக்கணக்கில் இருக்கிறதா, திடீரென்று வந்ததா, காய்ச்சல் உண்டா என்பதே முக்கியம்.

சில வாரங்களுக்குள் மளமளவென்று வளர்ந்து, லேசாகத் தொட்டாலே ரத்தம் கொட்டும் சதை முடிச்சு ஒன்று உண்டு. விரல், உதடு, கர்ப்பிணிகளின் ஈறு ஆகிய இடங்களில் வரும். பயோஜெனிக் கிரானுலோமா என்பார்கள். அதுவும் புற்றுநோய் இல்லை, ஆனால் எடுத்துவிடுவதே நல்லது. ஆண்களுக்கு விதைப்பையின் தோலில் கருஞ்சிவப்பாகச் சொரசொரவென்று புள்ளிகள் வரும். ஆஞ்சியோகெரட்டோமா என்று அதற்குப் பெயர். வயதாகும்போது பலருக்கு வருகிறது. பால்வினை நோயோ என்று பயந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் வருடக்கணக்கில் மனத்துக்குள் வைத்து மருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எந்த உறவாலும் வந்த நோய் கிடையாது, மனைவிக்கும் தொற்றாது. ஆனால் சின்ன வயதிலேயே இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் அப்படிக் கூட்டமாக வந்து, கை கால் எரிச்சலும் இருந்தால் ஃபேப்ரி என்ற அரிதான பரம்பரை நோயாக இருக்கலாம். அதைப் பார்த்தாக வேண்டும். அதேபோல, சில வாரங்களில் பத்து இருபது என்று பொட்டுகள் திடீரெனப் பெருகி, கூடவே கால் மரத்துப்போவது, எடை குறைவது என்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்குப் பத்து வருடத்தில் மெல்ல மெல்லத்தான் வந்திருக்கின்றன. அது நல்ல செய்தி.

மிச்சம் இருப்பது, மெலனோமா போன்ற தோல் புற்றுநோய். நம் மக்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நமக்கு மெலனோமா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவதுதான் அதிகம். செர்ரி ஆஞ்சியோமாவை அதோடு குழப்பிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் உண்டு. பொட்டின் மேல் பெல்ட்டோ துண்டோ உரசி, உள்ளே ரத்தம் உறைந்துவிட்டால், நேற்று வரை சிவப்பாக இருந்தது இன்று மைக்கறுப்பாகிவிடும். பார்த்தவர்கள் அரண்டுபோவார்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிருக்காது, ஆனால் கறுத்த பொட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குத்தான் டெர்மோஸ்கோப் என்ற கைக்கருவி இருக்கிறது. தோலின் மேல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், செர்ரி ஆஞ்சியோமாவுக்குள் சிவப்புக் குட்டைகள் தனித்தனியாக, நடுவே வெண்மையான வரப்புகளோடு தெரியும். வலி கிடையாது, ஊசி கிடையாது, ஒரு நிமிஷ வேலை. நாற்பதில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இல்லாமல், ஓரம் கோணலாக, பல நிறமாக, தானாகவே ரத்தம் கசிவதாக, ஆறாத புண்ணாக இருந்தால் அந்த ஒன்றைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

உறுதி செய்யாமல் எடுக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்: லேசரும் கரன்ட் ஊசியும் பொட்டை எரித்துவிடும். எரிந்தபின் சோதனைக்கு அனுப்பத் திசு மிஞ்சாது. சந்தேகம் இருக்கிற பொட்டை எரிக்காமல், சீவியோ வெட்டியோ எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். பேக்கேஜ் சொன்ன இடத்தில் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்தார்களா, பார்த்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். "ஸ்கின் கிளினிக்" என்ற போர்டு இருப்பதாலேயே உள்ளே தோல் மருத்துவர் இருக்கிறார் என்று ஆகிவிடாது. டாக்டரின் பெயருக்குப் பின்னால் தோல் சிகிச்சைக்கான எம்.டி., டி.டி.வி.எல்., டி.என்.பி. மாதிரிப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் செலவழிக்க வேண்டியதுகூட இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டு, காலையிலேயே போனால் பார்த்துவிடலாம்.

இனி சிகிச்சைக்கு வருவோம். வழிகள் நாலைந்து இருக்கின்றன, எல்லாமே பொட்டை அழிக்கத்தான் செய்கின்றன. வித்தியாசம் எல்லாம், பொட்டு போன இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான். நம் தோலின் நிறத்துக்கு அது பெரிய விஷயம்.

மின்சார ஊசி முறையை நம் ஊரில் அதிகம் செய்கிறோம். காட்டரி என்பார்கள், ரேடியோ ஃப்ரீக்வன்சி என்பதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். லிக்னோகெய்ன், பிரைலோகெய்ன் கலந்த மரத்துப்போகும் கிரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு மணி நேரம் விடுவார்கள். பிறகு மெல்லிய ஊசியின் முனையால் பொட்டைத் தொட்டால், அது சாம்பல் நிறமாகிச் சுருங்கிவிடும். ஒரு பொட்டுக்குச் சில நொடிகள் போதும். கருகிய வாடை வரும், சுருக்கென்று ஒரு குத்து இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் அந்த இடம் பொருக்குத் தட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானே விழும். பவரைக் குறைத்து வைத்து, மேலாகச் செய்யத் தெரிந்த கை முக்கியம். ஆழமாகச் சுட்டால் குழித் தழும்பு விழும். சின்னப் பொட்டுகளுக்கு, செலவையும் பார்த்தால், நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

லேசரைப் பற்றி நிறைய விளம்பரம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லேசர் ஒளியை ரத்தத்தின் சிவப்பு நிறம் உறிஞ்சிக்கொண்டு சூடாகி, குழாயை அடைத்துவிடுகிறது. வெளிநாட்டில் இதற்கு அதிகம் பயன்படுவது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள பல்ஸ்டு டை லேசரும், 532 நானோமீட்டர் கே.டி.பி. லேசரும். வெள்ளைத் தோலில் அருமையாக வேலை செய்யும். நம் தோலில் சிக்கல் என்னவென்றால், அந்த ஒளியை மேல்தோலில் இருக்கும் மெலனின் கறுப்பும் உறிஞ்சிக்கொள்ளும். பொட்டுக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கு மேல்தோலிலேயே இறங்கி, கொப்புளமாகவோ கறையாகவோ முடியும். 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஆழமாகவும் போகும்; அதனால் கறுத்த தோலுக்கு அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் ரத்தமும் அந்த ஒளியைக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. சக்தியைக் கூட்ட வேண்டியிருக்கும், வலியும் கூடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் தழும்பாகிவிடும். எனவே "லேசர்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த லேசர், என் நிறத் தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஒரே ஒரு பொட்டில் செய்துவிட்டு ஆறு வாரம் பார்க்கலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சம்மதிக்காத இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையை, இந்தப் பொட்டுகளுக்கு, நம் நிறத்தவர்களிடம் நான் தவிர்க்கவே பார்ப்பேன். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் செல்கள் குளிரை மற்ற செல்கள் அளவுக்குத் தாங்காது; பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 5 டிகிரி பக்கத்திலேயே அவை செத்துவிடும். பொட்டு போன இடம் வட்டமாக வெளுத்து நிற்கும். மார்பில் அப்படிப் பத்து வெள்ளை வட்டங்கள் இருந்தால், பார்க்கிறவர்கள் வெண்குஷ்டமோ என்று கேட்பார்கள். சிவப்புப் பொட்டுக்குக் கூச்சப்பட்டுப் போனவர் அதைவிடப் பெரிய கூச்சத்தோடு திரும்ப வேண்டியதாகிவிடும்.

எந்த முறையானாலும் இரண்டு விளைவுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கருந்தழும்பு. புண் ஆறிய இடம் கறுத்து, மங்குவதற்குப் பல மாதம் எடுக்கும். சிலருக்கு வருடத்துக்கு மேலும் நிற்கும். இரண்டு, கெலாய்டு. நடு மார்பு, தோள், மேல் முதுகு ஆகிய இடங்களில் சின்னப் புண்கூடச் சிலருக்குத் தடித்த தழும்பாக வளரும். உங்கள் இடது தோளில் குழந்தையில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் சரி. புடைத்து, பளபளவென்று, சுற்றிலும் பரவி வளர்ந்திருந்தால், அல்லது அக்காள் தங்கைகளுக்குக் காது குத்திய இடத்தில் கட்டி மாதிரி வளர்ந்திருந்தால், மார்பில் இருப்பதைத் தொடவே வேண்டாம். நாற்பது பொட்டுகளையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் தோல் எப்படி ஆறுகிறது என்பது ஒன்றிரண்டில் செய்து பார்த்தால்தான் தெரியும். வயிற்றில், வேட்டி மறைக்கும் இடத்தில், ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்துகொண்டு இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். அந்த இடம் உங்களுக்குத் திருப்தியாக ஆறினால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

எடுத்த பொட்டு பெரும்பாலும் அதே இடத்தில் திரும்ப வராது. ஆனால் வேறு இடங்களில் புதிது வருவதை எந்தச் சிகிச்சையும் தடுக்காது. "இனிமேல் வரவே வராது" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

உங்கள் மாத்திரைகளைப் பற்றி. ஈகோஸ்ப்ரினும் குளோபிடோக்ரெலும் ரத்தம் உறைவதைக் குறைப்பவை. ஒரு பொட்டை எடுப்பதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பொட்டு வாழ்நாள் முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது. மேலோட்டமான காட்டரிக்கும் லேசருக்கும் பொதுவாக நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இந்த மாத்திரைகளை எடுக்கிறீர்கள் என்பதைத் தோல் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். இதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், காட்டரிக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுச் செய்துகொள்வது நல்லது.

செய்துகொண்டால், பொருக்கைப் பிய்க்கக் கூடாது. டாக்டர் எழுதும் களிம்பை மெல்லிசாகப் போட்டு, அந்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவினால் போதும். மஞ்சள், எண்ணெய் வேண்டாம். பொருக்கு விழுகிற வரை கடல் குளியலையும் நாழிக்கிணற்றையும் தள்ளிவையுங்கள். வெயில் பட்டால் கருந்தழும்பு கூடும். சட்டைக்கு வெளியே தெரியும் இடமானால் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். கந்த சஷ்டிக்குப் போவதாக இருந்தால் ஆடி மாதத்துக்குள் செய்துகொண்டால்தான் ஐப்பசிக்குள் தழும்பு ஓரளவு மங்கியிருக்கும். விழாவுக்கு முந்தைய வாரம் செய்துகொண்டால் சிவப்புப் பொட்டுக்குப் பதிலாகக் கறுத்த பொருக்கோடுதான் நிற்பீர்கள்.

செலவு இடத்துக்கு இடம் மாறும். ஒரு பொட்டுக்கு இவ்வளவு என்கிறார்களா, ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். அழகுக்காகச் செய்வதை மருத்துவக் காப்பீடு ஏற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து மருவின் மேல் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. சுண்ணாம்பு ஒரு காரம். அது எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்து எரிக்காது. சுற்றியிருக்கும் நல்ல தோலையும் சேர்த்து அரித்துக்கொண்டு உள்ளே போகும். ஒரு கடுகளவு பொட்டுக்காகக் காசளவு புண்ணோடு, ஓரமெல்லாம் வெந்து, நடுவில் குழி விழுந்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தழும்பைப் பிறகு எந்த லேசராலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. ஆப்பிள் சிடர் வினிகரும் அப்படித்தான். மயிரால் கட்டி இறுக்குவது தொங்கும் மருவுக்குக்கூட நல்லதல்ல. காம்பே இல்லாத இந்தப் பொட்டில் கட்டவும் முடியாது, இழுத்தால் ரத்தம்தான் வரும். பியூட்டி பார்லரில் செய்துகொள்வதும் வேண்டாம். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி முனையை அடுத்தவருக்கும் வைத்தால் ஹெபடைடிஸ் பி, சி போன்றவை தொற்றலாம். கிளினிக்கிலும் கண் முன்னால் புது ஊசியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

எடுக்காமல் இருப்பது என்று முடிவு செய்தால், அதுவும் முழுமையான ஒரு முடிவுதான். பலருக்கும் நான் அதையே சொல்கிறேன். வேண்டியது கொஞ்சம் கவனம் மட்டும். குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் அந்த இடங்களை அழுத்தித் தேய்க்காதீர்கள். மார்பு முடியைச் சவரம் செய்யாமல் கத்தரித்துக்கொள்ளுங்கள். அரைஞாண் கயிறோ பெல்ட்டோ தினமும் உரசும் இடத்தில் ஒன்று இருந்து அடிக்கடி ரத்தம் வந்தால், அதை எடுப்பதற்கு அழகைத் தாண்டிய நியாயமான காரணம் இருக்கிறது. பெண்களுக்குத் தாலிச் சங்கிலி, பாவாடை நாடா உரசும் இடங்களும் அப்படியே. செல்போனில் வருடத்துக்கு ஒரு தடவை, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, மார்பையும் முதுகையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு மாறியதா என்று நினைவை நம்பாமல் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். டாக்டரிடம் காட்டவும் வசதி.

ஏதாவது ஒன்று கிழிந்து ரத்தம் வந்தால், இத்தனை சின்னப் பொட்டிலிருந்து இவ்வளவா என்று திகைக்கும்படி வரும், முழுக்க ரத்தக் குழாய் என்பதால். சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் மாத்திரைகளுக்கு இருபது நிமிஷம்கூட ஆகலாம். அதற்கு மேலும் நிற்காவிட்டால் பக்கத்து மருத்துவமனைக்குப் போய், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று சொல்லி, கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காபித்தூளோ சுண்ணாம்போ அள்ளி வைக்க வேண்டாம்.